பள்ளம் தோண்டுமுன் பக்கத்துச் சுவரைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பக்கத்து வீட்டுக்காரர்கள் சுவர்த் தகராறில் அடித்துக்கொண்ட செய்தி வரும்போதெல்லாம் நான் அதில் ஒரு வரியைத் தேடுவேன். யார் யாரைத் தாக்கினார், எத்தனை பேர் ஆஸ்பத்திரியில், எந்தப் பிரிவில் வழக்கு என்று எல்லாம் இருக்கும். அந்தச் சுவருக்கு என்ன வந்தது என்ற வரி மட்டும் இருக்காது. கீறல் விட்டதா, சாய்ந்ததா, ஈரம் ஏறியதா, எதனால் என்று ஒருவரும் எழுதுவதில்லை. சண்டை போட்டவர்களுக்கே அது தெரிந்திருக்காது என்பது என் எண்ணம்.

நான் வீரவநல்லூர்ப் பக்கத்துக் கொத்தனார். வயது 61. பதினேழு வயதில் சாந்துச் சட்டி தூக்க ஆரம்பித்தவன். கல்லிடைக்குறிச்சியில் இருந்து சேரன்மகாதேவி வரை கன்னடியன் கால்வாய் ஓரத்து ஊர்களில் நான் கரண்டி வைக்காத தெரு குறைவு. வீடு கட்டக் கூப்பிடுகிறார்களோ இல்லையோ, சுவரில் கீறல் விட்டால் "கொத்தனாரைக் கூட்டிட்டு வா, அவரு சொல்லட்டும்" என்று ஆள் அனுப்புவார்கள். அப்படிப் போய்ப் பார்த்த சுவர்கள் பல. இந்தக் கடிதம் அதில் ஒன்றைப் பற்றியது. அதில் தப்புச் செய்தவர்களில் நானும் ஒருவன். அதனால் என் பெயரைப் போட வேண்டாம். இரண்டு குடும்பமும் இன்னும் அதே தெருவில் இருக்கிறார்கள்.

2023 ஆவணி. ஒரு தம்பி, வளைகுடாவில் பன்னிரண்டு வருஷம் இருந்து சம்பாதித்து வந்தவர், பூர்வீக வீட்டை இடித்துவிட்டு மாடி வைத்த வீடு கட்டத் தொடங்கினார். வேலை எனக்கு. பக்கத்தில் ஓர் ஆச்சியின் ஓட்டு வீடு. முன்னால் தார்சா என்கிற முன்கூடம், அப்புறம் பட்டாசல் என்கிற நடுக்கூடம், கடைசியில் அடுப்படி. அடுப்படிச் சுவர்தான் தம்பி மனையைப் பார்த்து நிற்பது. மண்சாந்தில் கட்டிய ஒன்றரை அடிக் கனச் சுவர், மேலே சுண்ணாம்புப் பூச்சு. ஆச்சி கல்யாணமாகி வரும்போதே இருந்த சுவர் என்றால் வயதைக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அந்தக் காலத்துச் சுவருக்குக் கடைக்கால், அதாவது அஸ்திவாரம், இரண்டடி இருந்தால் அதிகம். நாங்கள் தூண் அடித்தளத்துக்குத் தோண்ட வேண்டியது ஐந்தரை அடி. இரண்டுக்கும் நடுவே ஒன்றரை அடிச் சந்து. இந்த மூன்று அளவையும் கேட்டாலே விவரம் தெரிந்த கொத்தனாருக்கு வயிறு கலங்க வேண்டும். சுவரின் பாரம் நேராகக் கீழே மட்டும் இறங்குவதில்லை. பாவாடை விரிந்த மாதிரி பக்கவாட்டிலும் மண்ணுக்குள் பரவித்தான் இறங்கும். பக்கத்து மண்ணை ஒட்ட வெட்டி எடுத்தால் அந்தப் பாரம் வந்து உட்கார இடம் இல்லை.

வழி இல்லாமல் இல்லை. சுவர் ஓரத்தில் மொத்தமாகத் தோண்டக் கூடாது. நாலடி தோண்டி, காங்கிரீட் போட்டு, மண் தள்ளி இறுக்கிவிட்டு, ஓர் எட்டடி விட்டு அடுத்த நாலடி. விட்டதை அப்புறம் வந்து எடுக்க வேண்டும். பலகையும் சவுக்குக் கம்பும் கொடுத்து மண்ணைத் தாங்க வேண்டும். பள்ளத்தைத் திறந்தபடி இரவு விடக் கூடாது. இதெல்லாம் என் ஆசான் எனக்கு அடித்துச் சொல்லிக்கொடுத்தது.

ஆனால் அன்றைக்கு ஜேசிபி வந்திருந்தது. மணிக்கணக்குக்கு வாடகை. தம்பி சொன்னார், "அண்ணாச்சி, வண்டி நிக்கும்போதே முழுசா எடுத்துருவோம். இன்னொரு நாள் வரச் சொன்னா டீசல் காசு தனி." நான் ஒரு தடவை வேண்டாம் என்றேன். இரண்டாவது தடவை சொல்லவில்லை. பதினாறு அடி நீளத்துக்கு ஒரே வெட்டு. மதியம் இரண்டு மணிக்கு வேலை முடிந்தது. சாயங்காலம் ஐந்து மணிக்கு மேற்கே கறுத்து ஒரு மழை ஊற்றியது. பள்ளத்தில் முழங்கால் தண்ணீர்.

மறுநாள் காலையில் ஆச்சி கூப்பிட்டார்கள். "கொத்தனாரே, இங்கன வந்து ஒரு எட்டு பாரும்."

அடுப்படி ஜன்னல் மூலையில் இருந்து மேலே ஓட்டுக் கூரையை நோக்கிச் சாய்வாக ஒரு கீறல். ஆச்சி ஒன்றும் பேசவில்லை. சேலை முந்தானையை அவிழ்த்து ஒரு ரூபாய்க் காசை எடுத்து அந்தக் கீறலில் செருகினார்கள். காசு உள்ளே போய் நின்றது. அதை அப்படியே விட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார்கள். பதினைந்து நாள் கழித்து, அதே இடத்தில் பழைய தடித்த ஐந்து ரூபாய்க் காசு போனது. நாற்பது வருஷமாக ரசமட்டமும் தூக்குக் குண்டும் பிடிக்கிறேன், கீறலை அளக்க இதைவிட லேசான வழியை நான் பார்த்ததில்லை.

தம்பியைக் கூட்டிவந்து காட்டினேன். "அது பழைய கீறல் அண்ணாச்சி. வெள்ளை அடிக்கும்போது மூடியிருப்பாக, மழையில வெளிய தெரியுது" என்றார். தோண்டுமுன் அந்தச் சுவர் எப்படி இருந்தது என்று யாரிடமும் ஒரு படம் இல்லை. அவர் கையில் அத்தனை விலைக்கு ஒரு போன். பூமி பூஜைக்கு நூறு படம் எடுத்திருந்தார். பக்கத்துச் சுவரை ஒரு படம் எடுக்க அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

சரி, கீறலையே கேட்போம் என்று உள்ளே விளக்கு அடித்துப் பார்த்தேன். அது அடுப்படிச் சுவர். விறகடுப்புப் புகை ஏறி மையாக இருக்கும். பழைய கீறலானால் அதன் உள்வாயிலும் கரி படிந்திருக்கும், ஒட்டடை இருக்கும், அடித்த வெள்ளை வழிந்து போயிருக்கும். விளிம்பு மழுங்கியிருக்கும். ஆச்சி வீட்டுக் கீறலில் மேல் மூன்றடிக்கு உள்ளே செக்கச்செவேல் என்று புகை படாத மண் தெரிந்தது. விளிம்பு கையைக் கிழிக்கிற கூர்மை. ஆனால் ஜன்னல் மூலையை ஒட்டி அடியில் ஒரு சாண் அளவுக்கு உள்வாய் கறுப்பு. அதாவது ஒரு சாண் கீறல் பழையது, மூன்றடி புதியது. தம்பி சொன்னதிலும் ஒரு சாண் உண்மை இருந்தது. ஆச்சி சொன்னதில் மூன்றடி.

இந்த மாதிரி இடத்தில்தான் நம் ஊர்ப் பெரியவர்கள் வந்து காரியத்தைக் கெடுப்பார்கள். மூன்று பேர் வந்தார்கள். தார்சாவில் உட்கார்ந்து காப்பி குடித்தார்கள். அடுப்படிக்குள் ஒருவர்கூட எட்டிப் பார்க்கவில்லை. "ரெண்டு பேரும் வேண்டியவுக. பாதிப் பாதி போட்டுக்கிடுங்க" என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டார்கள். எதில் பாதி? ஆச்சியின் மகன் சென்னையில் இருந்து போனில் இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் கேட்டார், அடுப்படியை இடித்துக் காங்கிரீட் மட்டப்பாவாகவே, அதாவது தட்டையான தளமாகவே, போடக் கணக்கு. தம்பி இருபதாயிரம் தருகிறேன், அதுவும் இரக்கத்துக்கு என்றார். பாதிப் பாதி என்பது தீர்ப்பு இல்லை. பார்க்கச் சோம்பல்பட்டவர்கள் சொல்வது.

நான் என்னால் ஆனதைச் செய்தேன். படத்துக்குக் கண்ணாடி போடும் கடையில் வெட்டிப்போட்ட மெல்லிய துண்டு மூன்று வாங்கி, கீறலுக்குக் குறுக்கே மேலே ஒன்று, நடுவில் ஒன்று, அடியில் ஒன்று என்று இரண்டு முனையும் சிமெண்டு வைத்து ஒட்டினேன். ஒவ்வொன்றின் பக்கத்திலும் தேதியைப் பென்சிலால் எழுதினேன். சுவர் அசைந்தால் பூச்சு ஏமாற்றும், கண்ணாடி ஏமாற்றாது. பட்டென்று உடைந்துவிடும். பதினோராம் நாள் மேல் கண்ணாடி உடைந்தது. மற்ற இரண்டும் அப்படியே இருந்தன. மேலே அகலம் கூடுகிறது, கீழே இல்லை என்றால் ஒரு மூலை இறங்குகிறது என்று அர்த்தம். எந்த மூலை என்று நான் சொல்லவும் வேண்டுமா?

அதற்குள் இரண்டு பக்கமும் வாய் முற்றிவிட்டது. மகன் ஊருக்கு வந்து காவல் நிலையத்தில் மனுக் கொடுத்தார். மனுவைப் பெற்றுக்கொண்டதற்கு சி.எஸ்.ஆர். ரசீது கிடைத்தது. இரண்டு பேரையும் கூப்பிட்டுப் பேசிவிட்டு, "இது சிவில் விஷயம், கோர்ட்டுக்குப் போங்க" என்று அனுப்பிவிட்டார்கள். அதில் தப்பில்லை. வேண்டுமென்றே ஒருவன் சுவரை இடித்தால் அது குற்றம். கவனக்குறைவால் இடிந்தால் அது நஷ்டஈட்டு விஷயம். இந்த வித்தியாசம் தெரியாமல் எத்தனை பேர் ஸ்டேஷன் வாசலில் நாள்கணக்காக நிற்கிறார்கள்! நம்மாட்களுக்கு எதிராளியை ஒரு நாளாவது ஸ்டேஷனில் உட்காரவைத்துவிட வேண்டும். சுவர் அதுவரை காத்திருக்க வேண்டும்.

ஸ்டேஷனில் இருந்து வந்த அன்று சாயங்காலம் ஆச்சி என்னைப் பார்த்துக் கேட்டார்கள். "அவன் வெளிநாட்டுக்காரன், என்னமும் சொல்லுவான். நீரு சொல்லும். நம்ம சாஸ்தா கோயில் நடையில சூடம் ஏத்துதேன். முறைப்படிதான் தோண்டினேன்னு சொல்லிச் சூடத்தை அணையும். நான் ஒரு பைசா கேக்கல."

சூடம் அணைத்துச் சத்தியம் செய்வது எங்கள் பக்கத்தில் லேசுப்பட்ட காரியம் இல்லை. பங்குனி உத்திரத்துக்கு எந்த ஊரில் இருந்தாலும் சாஸ்தாவைத் தேடி வருகிறவர்கள் நாங்கள். நான் கோயிலுக்குப் போகவே இல்லை. அங்கேயே தெருவில் நின்று, "முறைப்படி தோண்டல ஆச்சி. மொத்தமா வெட்டிட்டேன்" என்றேன். தம்பி என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. வேலையைவிட்டு நிறுத்தவும் இல்லை, ஆறு வாரம் பேசவும் இல்லை.

அப்புறம் வந்ததுதான் 2023 டிசம்பர் 17. அந்த மழையைப் பற்றி உங்கள் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய மழை. தாமிரபரணி குறுக்குத்துறை முருகன் கோயிலை மூழ்கடித்துக்கொண்டு ஓடியது, நெல்லை ஜங்ஷன் பேருந்து நிலையத்துக்குள் தண்ணீர் நின்றது. எங்கள் ஊரில் 18-ஆம் தேதி விடியும் முன் ஆச்சியின் அடுப்படிச் சுவர் விழுந்தது. ஓட்டைத் தாங்கும் பனங்கை ஒடிந்து ஓடு எல்லாம் அம்மி மேல் கிடந்தது. ஆச்சி பட்டாசலில் படுத்திருந்ததால் ஒன்றும் ஆகவில்லை.

இப்போது தகராறு வேறு உருவம் எடுத்தது. தம்பி சொன்னார், "ஊரெல்லாம் சுவர் விழுந்திருக்கு. அதுக்கெல்லாம் நானா பள்ளம் வெட்டினேன்?" ஆச்சியின் மகன் சொன்னார், "பள்ளம் வெட்டலன்னா எங்க சுவர் நின்னிருக்கும்." இரண்டும் நியாயமான பேச்சாகத்தான் கேட்கும். அதே தெருவில் பள்ளமே இல்லாத இரண்டு மண்சுவர்கள் அன்று விழுந்தது நிஜம். உடைந்த கண்ணாடியும் பென்சில் தேதியும் மட்டும் இல்லாவிட்டால் மழைக்கு முன்பே அந்தச் சுவர் கால் தளர்ந்திருந்தது என்று யாரும் நிரூபித்திருக்க முடியாது. கண்ணாடியை ஒட்டிய அன்றும் உடைந்த அன்றும் என் மகள் எடுத்த படங்கள் அவள் போனில் தேதியோடு இருந்தன. விழுந்த மண்ணைக் கிளறியபோது இன்னொன்றும் தெரிந்தது. ஆச்சி வீட்டு அடுப்படித் தண்ணீர் போகும் வாறுகால் சுவரின் அடியிலேயே உடைந்து, பல வருஷமாகக் கடைக்காலுக்குள் ஊறிக்கொண்டிருந்திருக்கிறது. அடிக்கல் இடுக்கெல்லாம் சேறு. இதை நான் ஆச்சியிடமும் சொல்லத்தான் வேண்டியிருந்தது. ஆச்சிக்குப் பிடிக்கவில்லை.

ஆக, சுவர் விழ மூன்று காரணம். என் பள்ளம், ஆச்சியின் வாறுகால், பெய்த மழை. முதல் இரண்டுக்கும் ஆள் உண்டு. மூன்றாவதுக்கு வருண பகவானிடம்தான் வசூலிக்க வேண்டும்.

கோர்ட்டுக்குப் போகலாம் என்று மகன் வக்கீலைப் பார்த்தார். அந்த வக்கீல் நல்ல மனுஷர். "கேஸ் போட்டால் கோர்ட் நியமிக்கும் கமிஷனரை வைத்துப் பார்க்கச் சொல்லலாம். அவர் வந்து சுவரைப் பார்த்து அறிக்கை கொடுப்பார். ஆனால் வருஷம் ஓடும். முதலில் சட்டப் பணிகள் குழுவுக்கு மனுக் கொடுங்கள்" என்றாராம். தாலுகா கோர்ட்டுகளில் இந்தக் குழு இருக்கிறது. 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஏற்பட்டது. வெள்ளைத்தாளில் மனு எழுதிக் கொடுத்தால் போதும், கட்டணம் கிடையாது. வழக்குப் போடாமலேயே, தகராறாக இருக்கும்போதே எடுத்துக்கொள்வார்கள். இரண்டு பேருக்கும் நோட்டீஸ் வரும். லோக் அதாலத் என்கிற மக்கள் நீதிமன்றத்தில் நீதிபதி முன்னால் உட்கார்ந்து பேச வேண்டும். இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்டால்தான் முடிவு. ஒருவர் முறுக்கினால் அதோடு சரி, சிவில் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். ஆனால் ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டால் அது சிவில் கோர்ட் தீர்ப்புக்குச் சமம், அதன்மேல் அப்பீல் கிடையாது. சொன்னபடி பணம் தராவிட்டால் கோர்ட் மூலமே வசூலிக்கலாம். தார்சாவில் காப்பி குடித்துச் சொல்லும் பாதிப் பாதிக்கு இந்தப் பலம் உண்டா?

அங்கே என்னையும் வரச் சொன்னார்கள். என் கணக்கை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனேன். இருந்தது பழைய மண்சுவர். அதற்குக் காங்கிரீட் மட்டப்பா கேட்க முடியாது. அதற்காக மறுபடி மண்சுவரா வைக்க முடியும்? பதினாலு அடி நீளம், ஒன்பது அடி உயரம், ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், புதுக் கடைக்கால், பூச்சு, ஒடிந்த பனங்கைக்கு மாற்று, ஓடு, வாறுகாலைச் சுவரைவிட்டுத் தள்ளிப் புதிதாகப் போட. எல்லாம் சேர்த்து 92,000 ரூபாய். அதில் என் கூலி எட்டு நாளைக்கு 8,800. அது எனக்கு வேண்டாம், பள்ளத்தில் என் பங்கு என்று சொல்லிவிட்டேன். மீதி 83,200. அதில் தம்பி 62,000 இரண்டு தவணையாக, வாறுகாலுக்கும் பழைய ஒரு சாணுக்கும் சேர்த்து ஆச்சி 21,200. இந்தப் பிரிவினை துல்லியமானது என்று நான் சொல்லமாட்டேன். மழையின் பங்கை இரண்டு பேர் தலையிலும் ஏற்றித்தான் ஆகவேண்டியிருந்தது. ஆனால் ஒவ்வொரு ரூபாய்க்கும் இது எதற்கு என்று காட்ட ஒரு கல்லோ ஒரு படமோ என்னிடம் இருந்தது. இரண்டு மணிநேரத்தில் கையெழுத்தானது. தம்பி இரண்டாவது தவணையைத் தேதிக்கு முன்பே கொடுத்துவிட்டார். இரண்டு வீட்டுக்கும் இன்றுவரை பேச்சு இல்லை. சண்டையும் இல்லை.

இதையெல்லாம் எழுதக் காரணம், ஆசிரியர் அவர்களே, இதில் செலவான ஒன்பது மாதமும் மிச்சமாகியிருக்கும் என்பதுதான். தோண்டுவதற்கு முந்தின நாள் நானும் தம்பியும் ஆச்சியும் அந்தச் சுவரை உள்ளும் புறமும் கால் மணிநேரம் பார்த்து, பத்துப் படம் எடுத்து, "ஜன்னல் மூலையில் ஒரு சாண் கீறல் உள்ளது, மற்றபடி நல்ல நிலை" என்று ஒரு தாளில் எழுதி மூன்று பேரும் கையெழுத்துப் போட்டிருந்தால் போதும். அப்படிப் பார்த்திருந்தால் வாறுகால் உடைந்திருப்பதும் அன்றே தெரிந்திருக்கும். நானும் மொத்தமாக வெட்ட யோசித்திருப்பேன்.

அரசுக்கு ஒரு வேண்டுகோள். 2024 ஜூலையில் இருந்து 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்டச் சுயசான்று முறை வந்திருக்கிறது. ஆன்லைனில் விண்ணப்பித்தால் அனுமதி உடனே வந்துவிடுகிறது. ஆபீஸ் ஆபீஸாக அலைந்தவன் என்ற முறையில் எனக்கு அதில் சந்தோஷம்தான். ஆனால் மனையை முன்கூட்டி வந்து பார்க்கிற ஒரு கண் குறைந்துவிட்டது. அந்த விண்ணப்பத்திலேயே, எல்லையை ஒட்டியுள்ள பக்கத்துச் சுவர்களின் படங்களையும் தேதியோடு ஏற்ற ஒரு கட்டம் வைத்தால் என்ன? யாருக்கும் காசு செலவு இல்லை. பின்னால் தகராறு வந்தால் அரசாங்கக் கணினியிலேயே சாட்சி இருக்கும். வீடு கட்டுகிறவருக்கும் இது பாதுகாப்பு. பழைய கீறலையெல்லாம் அவர் தலையில் கட்ட முடியாதே.

பழைய சுவர்தானே, விழுந்தால் விழட்டும் என்று பேசுகிறவர்களுக்கு ஒரு தகவல். லோக் அதாலத் அன்று வக்கீல் சொல்லித்தான் எனக்கே தெரியும். 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. அது முதலில் அமலான இடங்களில் நம் சென்னை மாகாணமும் ஒன்று. ஒரு நிலத்துக்குப் பக்கத்து நிலத்தின் தாங்கல் இயல்பாகவே உண்டு. அதன்மேல் கட்டிய சுவரும் இருபது வருஷம் தடையில்லாமல் பக்கத்து மண்ணின் தாங்கலில் நின்றிருந்தால் அந்தத் தாங்கல் அதற்கு உரிமையாகிவிடுகிறது. ஆகவே "என் மனை, நான் எவ்வளவு ஆழமும் தோண்டுவேன்" என்ற பேச்சு செல்லாது. கூடவே இன்னொன்று. நஷ்டஈடு கேட்க மூன்று வருஷம்தான் கெடு. பொங்கல் கழியட்டும், கோயில் கொடை கழியட்டும், மகன் ஊரில் இருந்து வரட்டும் என்று தள்ளிக்கொண்டே போய்க் கெடுவைத் தவறவிட்டவர்களை எனக்குத் தெரியும்.

சுவர் மட்டும் அல்ல. ஈரத் தகராறும் இப்படித்தான். உன் தொட்டியில் இருந்துதான் என் சுவரில் ஈரம் ஏறுகிறது என்று ஒருவர், இல்லை உன் குளியலறைத் தண்ணீர்தான் என்று இன்னொருவர். பேசிக்கொண்டே இருப்பார்கள். நான் சொட்டு நீலத்தை எடுத்துத் தொட்டியில் ஊற்றிவிட்டு இரண்டு மூன்று நாள் பொறுக்கச் சொல்வேன். சுவரில் நீலம் கசிந்தால் பேச்சு முடிந்தது. கசியாவிட்டால் இரண்டு நாள் அந்தப் பக்கத்துக் குழாயை அடைத்துப் பார்க்க வேண்டும். ஒரு வீட்டில் கடைசியில் இரண்டு பேர் தண்ணீரும் இல்லை, பேரூராட்சிக் குழாய் உடைப்பு. அதற்குள் இரண்டு குடும்பமும் ஒரு கல்யாணத்துக்குப் போகாமல் நின்றுவிட்டன.

தென்னைமரத் தகராறு தனி. ஆனி ஆடிக் காற்றுக்குப் பக்கத்து வீட்டு ஓட்டில் தேங்காய் விழும். ஓட்டுக்குக் காசு கேட்டால் தேங்காயைத் திருப்பிக் கேட்பார்கள். மரம் எங்கே நிற்கிறது என்பதே தகராறானால் முதலில் சர்வேயரை வைத்து, நிலத்தின் அளவு வரைபடமான புலப்படத்தைப் பார்த்து எல்லைக் கல்லைக் கண்டுபிடிக்க வேண்டும், இ-சேவை மையத்திலேயே அளக்க மனுப் போடலாம். மரம் விழுந்துவிடும் நிலையில் சாய்ந்திருந்தால் நஷ்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஆள்மேல் விழும் ஆபத்துள்ள மரத்தையும் சுவரையும் அகற்ற உத்தரவிடக் கோட்டாட்சியருக்கு அதிகாரம் உண்டு. எங்கள் பக்கத்துக்குச் சேரன்மகாதேவி சப்-கலெக்டர் அலுவலகம். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் முன்பு 133-ஆம் பிரிவு என்று சொல்வார்கள், 2024 ஜூலையில் புதுச் சட்டம் வந்தபிறகு அது 152-ஆம் பிரிவு.

பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு என்பதை ஆச்சிக்கு யாரும் சொல்லவில்லை. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் வழி சொல்கிறார்கள். இந்த எண்ணை மட்டுமாவது நீங்கள் கொஞ்சம் பெரிய எழுத்தில் போட்டால் நல்லது.

வருகிற திங்கட்கிழமை கல்லிடைக்குறிச்சியில் ஒரு வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்ட நாள் குறித்திருக்கிறார்கள். பக்கத்தில் ஓர் அப்பளம் போடுகிற வீடு, பழைய காரைச் சுவர். வீட்டுக்காரருக்கு அந்தப் பக்கம் போய்ப் பேச இஷ்டம் இல்லை. ஏதோ பழைய மனத்தாங்கல். நானே போய்க் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வாரும், அப்பளம் காய்ந்து எடுத்தபிறகுதான் உள்ளே விட முடியும் என்றார்கள். மகளையும் போனோடு கூட்டிப் போகிறேன். கண்ணாடித் துண்டு ஆறு வாங்கி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு கொத்தனார்,
வீரவநல்லூர்.